ஒரு தடவை வந்துருச்சு, ரெண்டு தடவை போயிருச்சு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், சிரிப்பு அதைவிடச் சீக்கிரம் வரும். ஓய்வு பெற்ற பிறகும் இரண்டும் குறையவில்லை. போன் மென்பொருள் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள், "அக்கா, உங்க அனுபவத்துல ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். எந்தக் கோப்பில் என்ன எழுதுவது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தேடினால் அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வாரத்துக் கூத்து. நினைத்தால் இன்றைக்கும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும்.

அப்போது எங்கள் ஆபீஸ் மதுரை பசுமலையில் ஒரு மாடியில் இருந்தது. கீழே மாவு மில். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு மேலே நாங்கள் எல்லோரும் வரிசையாகத் தும்முவோம். ஆள் அதிகமில்லை. ப்ளூடூத் வேலை கயல்விழியுடையது. எஃப்எம் ரேடியோ வேலை முத்துப்பாண்டியுடையது. இரண்டு பேரையும் மேய்ப்பது என் வேலை. கயல் பேசினால் பக்கத்து மேஜைக்குக் கேட்காது. பாண்டி உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன். அவன் பேசினால் கீழே மில்லில் மாவு வாங்க வந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

விலை குறைந்த போன் ஒன்றை ஒரு கம்பெனி செய்துகொண்டிருந்தது. அதில் ப்ளூடூத்தும் எஃப்எம்மும் ஒரே சிப்பில் இருந்தன. யாரும் எடுத்துத் திருத்தலாம் என்கிற திறந்த மூல மென்பொருளோடு அந்தச் சிப்பை ஓட வைக்கிற வேலை எங்களுக்கு வந்தது. வேலையோடு சென்னைத் தலைமை ஆபீஸிலிருந்து ஒரு சேதியும் வந்தது. இது சரியாக வந்தால் மதுரை ஆபீஸ் இருக்கும். வராவிட்டால் மூடிவிட்டு எல்லோரும் சென்னைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

நான் போயிருப்பேன். பாண்டி கட்டாயம் போயிருப்பான். அவனுக்கு சென்னை என்றால் கடற்கரை. கயலால் முடியாது. அவள் கணவர் பசுமலையிலேயே பள்ளி ஆசிரியர், கல்யாணமாகி அப்போதுதான் வீடு பிடித்துக் குடியேறியிருந்தார்கள். சேதி வந்த அன்று அவள் என் மேஜைக்கு வந்து நின்று, "ஆபீஸ மூடுனா நான் வேலைய விட்ருவேன்க்கா. இந்த வேலைன்னா எனக்கு உசுரு. ஆனா வேற வழியில்ல" என்றாள். சொல்லிவிட்டு உடனே போய் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள். அப்படி வேலை செய்கிற ஒருத்தி எனக்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

இப்போது சிக்கலைச் சொல்கிறேன். சிப் ஒன்று, அதற்கு மின்சாரம் கொடுக்கிற கம்பியும் ஒன்று. ஆனால் அதைப் பயன்படுத்துவோர் இருவர். கயலின் நிரல், ப்ளூடூத்தை அணைத்ததும் சிப்பையே அணைத்துவிடும். அந்த நேரம் எஃப்எம்மில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் பாட்டுக்காரர் பாதி வரியில் வாயடைத்துப் போவார். பாண்டியின் நிரலும் லேசுப்பட்டதில்லை. ரேடியோவை அணைத்தால் ப்ளூடூத்தில் பேசிக்கொண்டிருப்பவரின் பேச்சு அறுந்துபோகும். இருவரும் ஒரு வாரம் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டார்கள். கடைசியில் பாண்டிக்கே பொறி தட்டியது.

"அக்கா, எங்கூர்ல ஒரு மோட்டார வச்சு ரெண்டு காட்டுக்குத் தண்ணி பாய்ச்சுவாக. மொத ஆளு வேல முடிஞ்சதுன்னு மோட்டார அமத்திட்டுப் போயிட்டா, ரெண்டாவது ஆளு வெட்டரிவாளோட வருவான். அதேதேன் இது!"

ஆகவே எண்ணிக்கை வைத்தோம். யார் வந்தாலும் ஒன்று கூட்டு, யார் போனாலும் ஒன்று கழி. பூஜ்யம் ஆனால் மட்டும் சிப்பை அணை. ஆபீஸில் எப்படிச் சோதித்தாலும் ஓடியது. பாண்டி நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றி விசிலடித்தான்.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது. அந்த போன் கம்பெனி கறாராக ஒரு நிபந்தனை வைத்திருந்தது. எங்கள் திருத்தம் எங்களிடம் மட்டும் இருக்கக் கூடாது; உலகத்துக்கே பொதுவாக இருக்கும் அந்த மென்பொருளில் அது முறைப்படி சேர வேண்டும். அப்போதுதான் அடுத்த பதிப்பு வரும்போது அவர்களுக்குத் தலைவலி இருக்காது. அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பராமரிப்பாளர் உண்டு. அவர் படித்துப் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும். எங்கள் பகுதிக்கு வாய்த்தவர் ஏதோ ஒரு குளிர் தேசத்துக்காரர். ஆணா பெண்ணா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இடைவெளி சரியில்லை என்பார், பெயர் சரியில்லை என்பார், எல்லாம் சரியாக இருந்தால் விளக்கம் போதவில்லை என்பார். நாங்கள் 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தோம். கயலுக்கு மட்டும் அது பிடிக்காது. "என் மாமியார் தங்கமானவங்கக்கா" என்பாள்.

அந்தச் சனிக்கிழமை கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி சோதித்துப் பார்க்க வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாண்டி திருத்தத்தை மாமியாருக்கு அனுப்பினான். பொது மின்னஞ்சல் பட்டியலில் அனுப்புவதுதான் முறை; உலகமே பார்க்கும்.

புதன்கிழமை காலையில் நான் சாவகாசமாக அதைத் திறந்து பார்த்தேன். மறுபடியும் மேலிருந்து படித்தேன்.

நிரல் எழுதுகிற எல்லோரும் சோதனைக்காக நடுநடுவே சில வரிகளை அச்சிட வைப்போம், தெரியும்தானே? சிப் இயங்கியது, சிப் நின்றது என்று திரையில் வரும். போனில் ஆயிரம் பேருடைய வரிகள் ஆங்கிலத்தில் அருவியாகக் கொட்டும். அதில் நம்முடையதைக் கண்டுபிடிக்க, எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவோம். யாராவது சிப்பைக் கேட்டு எடுத்தால் 'வந்துருச்சு'. திருப்பிக் கொடுத்தால் 'போயிருச்சு'. எதிர்பாராதது நடந்தால் 'அடப்பாவி'. கண்ணில் பளிச்சென்று படும். அனுப்புவதற்கு முன்னால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டும் என்பது சட்டம்.

பாண்டி அழிக்கவில்லை. ஒன்றுகூட.

"டேய் பாண்டி!" என்று நான் போட்ட சத்தத்தில் கீழே மில்லே ஒரு நிமிடம் நின்றது போலிருந்தது. "உலகம் பூரா பாக்குற எடத்துல அடப்பாவின்னு எழுதி அனுப்பிருக்கியே, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?"

"அக்கா, அடப்பாவி ரெண்டு எடத்துலதான்க்கா வருது" என்றான் அவன். சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் இருக்கும்போது சிரிப்பு வருவதைப் போல இம்சை வேறில்லை. சிரித்துக்கொண்டே திட்டினேன், திட்டிக்கொண்டே சிரித்தேன். ஆனால் கயல் சிரிக்கவில்லை. மாமியார் கோபித்துக்கொண்டு தூக்கி எறிந்தால் சனிக்கிழமைக்குள் இன்னொரு முறை அனுப்பிச் சேர்க்க நேரமில்லை என்று அவளுக்குத் தெரியும்.

நான் மன்னிப்புக் கடிதம் ஒன்றை அவசரமாக அடித்துக்கொண்டிருந்தேன். தெரியாமல் நடந்துவிட்டது, பொருட்படுத்தாதீர்கள், சுத்தமான பிரதி அனுப்புகிறோம் என்று. அனுப்புவதற்குள் மாமியாரிடமிருந்தே பதில் வந்துவிட்டது. கயல்தான் வாசித்தாள்.

திட்டு ஒன்றும் இல்லை. பதிலின் சாரம் இதுதான்: 'உங்கள் திருத்தத்தை இதே சிப் உள்ள என் போனில் ஓட்டினேன். இந்தச் சொற்களுக்கு அர்த்தம் எனக்குத் தெரியாது. ஆனால் ரேடியோவுக்கு முதல் சொல் ஒரு தடவை வருகிறது, இரண்டாவது சொல் அடுத்தடுத்து இரண்டு தடவை வருகிறது. அதற்குப் பிறகு என் ப்ளூடூத் செத்துவிட்டது. இது நீங்கள் நினைத்து வைத்ததுதானா?'

நான் மன்னிப்புக் கடிதத்தை அழித்தேன்.

"ஒரு தடவ வந்துட்டு எப்படிக்கா ரெண்டு தடவ போக முடியும்?" என்றான் பாண்டி.

எங்கள் போனில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லை. மாமியாரின் போனில் மட்டும் ஏன்? பாண்டி போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திடீரென்று கயல், "டேப்!" என்று கத்தினாள். கயல் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

எஃப்எம் ரேடியோவுக்கு இயர்போன் வயர்தான் ஏரியல் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆபீஸில் உருப்படியான இயர்போன் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாராவது பாட்டு கேட்க வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று, அதைப் போனோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் நான்கு சுற்று சுற்றி வைத்திருந்தோம். ஆகவே, வயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்று எங்களில் ஒருவரும் சோதித்ததே இல்லை! இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது.

டேப்பைப் பிய்த்தோம். ரேடியோவைப் போட்டு, கயலை ப்ளூடூத்தில் பேசவிட்டு, வயரைப் பிடுங்கினோம். ஏரியல் போனதால் ரேடியோ தானாக நின்றது, திரையில் 'போயிருச்சு'. பிறகு ரேடியோத் திரையை மூடினோம், மறுபடியும் 'போயிருச்சு'. இரண்டு கழித்தல். ரேடியோ தன் பங்கைக் கழித்தது போதாதென்று ப்ளூடூத்தின் பங்கையும் கழித்துவிட்டது. எண்ணிக்கை பூஜ்யம். பேசிக்கொண்டிருந்த கயலின் ப்ளூடூத் பொட்டென்று போனது.

அந்த வரிகளை ஒழுங்காக அழித்து அனுப்பியிருந்தால், மாமியாருக்கு ஏதோ கோளாறு என்பது மட்டும்தான் தெரிந்திருக்கும். எங்கே என்று தெரிந்திருக்காது. பாண்டி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பாருங்கள்! "அப்ப நான் செஞ்சது நல்லதுதானக்கா?" என்றான். "வாய மூடு" என்றேன்.

இனிமேல் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இருந்தது மிகக் குறைந்த நேரம். பாண்டி ஒரு குறுக்கு வழி சொன்னான். "சிப்ப அமத்தவே வேணாம்க்கா. போன் ஓடுற வரைக்கும் அதுவும் ஓடட்டும். பாட்டும் நிக்காது, பேச்சும் நிக்காது. சனிக்கெழம வர்றவரு சந்தோசமாப் போயிருவாரு. பின்னாடி பாத்துக்குவோம்."

பேட்டரி சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். ஆனால் அது வாங்குபவனுக்குத்தான் தெரியும், அதுவும் மூன்று மாதம் கழித்து. சனிக்கிழமை தெரியாது என்றுதான் நினைத்தோம். பொய் சொல்வானேன், எனக்கு அது இனித்தது. ஆபீஸ் பிழைக்கும், கயல் பிழைப்பாள். 'சரி, செய்' என்ற சொல் நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. கயலைப் பார்த்தேன். இதில் எல்லோரையும்விட அதிகமாக இழக்கப் போகிறவள் அவள்தான்.

"வேணாம்க்கா" என்றாள். "எம் பேர்ல வர்ற வேல. நாளைக்கு எவனாச்சும் இந்த போன வாங்கிட்டு நாளெல்லாம் சார்ஜரும் கையுமா அலைவான். அதுக்கு நான் வீட்டுலயே இருந்துட்டுப் போறேன்."

நான் நாக்கை மடக்கிக்கொண்டேன். நெருக்கடியில் முடிவெடுக்கும்போது என்னிடம் ஒரே ஒரு அளவுகோல்தான், அது அன்றைக்குக் கிடைத்தது. நம்மைச் சோதிக்க வருபவரை விடுங்கள். அந்தப் பொருளோடு தினமும் மல்லுக்கட்டப் போகிற ஆளை நினைத்துப் பாருங்கள். முடிவு தானாக வரும். கசப்பாகத்தான் வரும், ஆனால் வரும்.

எண்ணிக்கையைத் தூக்கிப் போட்டோம். இருவருக்கும் தனித்தனி அடையாளம் வைத்தோம். ப்ளூடூத் தன் அடையாளத்தை மட்டும்தான் அழிக்கலாம். ரேடியோ தன்னுடையதை மட்டும்தான். ரேடியோ பத்து தடவை 'போயிருச்சு' என்று கத்தினாலும் ப்ளூடூத்தின் அடையாளம் அப்படியே இருக்கும். இரண்டும் அழிந்தால்தான் சிப் தூங்கும். வியாழக்கிழமை அனுப்பினோம். இந்த முறை அந்தத் தமிழ் வரிகளை அழிக்காமல் அர்த்தத்தையும் எழுதினோம், 'அடப்பாவி'க்கு மட்டும் 'எதிர்பாராத நிலை' என்று கௌரவமாக ஓர் அர்த்தம் கொடுத்தான் பாண்டி. வெள்ளிக்கிழமை காலை பதில் வந்தது. சொற்களை ஆங்கிலத்தில் மாற்றச் சொல்லி, கீழே ஒரு வரி: 'சேர்த்துக்கொள்கிறேன். நல்ல வேலை.'

மாமியார் வாயிலிருந்து 'நல்ல வேலை'! பாண்டி குதித்த குதியில் நாற்காலிக்கு ஒரு கால் போனது. நான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய் தெருமுனைத் தள்ளுவண்டிக்காரரிடம் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன். கயல் குடிக்கவில்லை. "நாளைக்கு டெஸ்ட்டு முடியட்டும்க்கா" என்றாள்.

சனிக்கிழமை வந்தார் அதிகாரி. முகத்தில் சிரிப்பே இல்லை. ஏசி அறை, மேஜை, பிஸ்கட் எல்லாம் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். அவர் எதையும் தொடவில்லை. "இந்த போனை வாங்கப்போறவங்க எங்க இருக்காங்களோ அங்க போய்ப் பார்க்கணும்" என்றார். எங்கே போவது? "எங்கூர்ப் பக்கம் போற எழுமலை பஸ்ஸுல ஏறுவோம் சார்" என்றான் பாண்டி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

அப்படித்தான் நாங்கள் நான்கு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். கயலின் கையில் போன், போனில் வயர், ஸ்பீக்கரில் முழுச் சத்தத்தில் எஃப்எம் பாட்டு. பஸ்ஸே கேட்டது. கயல் ப்ளூடூத்தை அணைத்தாள், பாட்டு நிற்கவில்லை. போட்டாள், நிற்கவில்லை. அடுத்து, அதிகாரி ப்ளூடூத்தைக் காதில் மாட்டிக்கொண்டு அதே போனிலிருந்து தன் மேலதிகாரியை அழைத்தார். பேச்சு ஓடுகிறவரை பாட்டு சத்தமில்லாமல் காத்திருக்க வேண்டும். காத்திருந்தது. நடுவில் அவர் கயலைப் பார்த்து, வயரைப் பிடுங்கும்படி சைகை காட்டினார்.

கயல் கண்ணை மூடிக்கொண்டு வயரைப் பிடுங்கினாள். பிறகு ரேடியோத் திரையையும் மூடினாள். அதிகாரி, "ம்... கேக்குது சார். இல்லை, பஸ்ஸுல... ம், கேக்குது, கேக்குது" என்று பேசிக்கொண்டே இருந்தார். பாண்டி என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டான். எனக்கு வலித்ததே தெரியவில்லை.

ஆனால் பஸ்ஸுக்குள் கலவரம்.

"ஏத்தா, நல்லாப் பாடிக்கிட்டு இருந்தாகள்ல, ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார் கத்திரிக்காய்க் கூடையோடு இருந்த ஓர் அம்மா.

"டெஸ்ட்டுங்கம்மா" என்றாள் கயல்.

"பாட்ட நிப்பாட்டுறதுக்கு ஒரு டெஸ்ட்டா?" என்றார் கண்டக்டர். "இம்புட்டுப் பேரு கேட்டுக்கிட்டு வாரோம். போடும்மா, நான் சொல்றேன்."

அதிகாரி பேசி முடித்தார். வயரைச் செருகி மறுபடியும் பாட்டைப் போட்டதும் பஸ் கைதட்டியது. கடைசியாக ஒன்று பாக்கி. எல்லாவற்றையும் அணைத்து, சிப் உண்மையிலேயே தூங்குகிறதா என்று தன் மடிக்கணினியில் பார்க்க வேண்டும் என்றார் அதிகாரி. குறுக்கு வழியில் போயிருந்தால் அங்கேதான் மாட்டியிருப்போம். கயல் இரண்டையும் அணைத்தாள். பஸ் மறுபடியும் கத்தியது. அதிகாரி மடியில் இருந்த திரையை வெகுநேரம் பார்த்தார். மூடினார். அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தார்.

"தூங்குது. அடுத்த மாடலும் நீங்களே பண்ணுங்க. இங்கேயே, மதுரையிலேயே. உங்க சென்னை ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன்."

பாண்டி எழுந்து நின்று விசிலடித்ததில் டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். நான் அழுதேனா சிரித்தேனா, இரண்டும்தான். கயல் கையிலிருந்த அதே போனில் கணவரை அழைத்தாள். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டாள், அல்லது அவளுக்குத் தோன்றவில்லை. பஸ் முழுக்க மூச்சுவிடாமல் கேட்டது.

"ஏங்க, நாளைக்கும் நான் வேலைக்குப் போவேன்!"

"நாளைக்கு ஞாயித்துக்கெழம கயலு."

"ஞாயித்துக்கெழமையும் போவேங்க!"